மின்கம்பி வராத ஊருக்கு சோலார்: தண்ணீருக்கும் விளக்குக்கும் ஒரே அமைப்பா, தனித்தனியா?

#1 ஊர்க்கேணி

வணக்கம். மின்கம்பி வராத ஓர் ஊருக்குப் போட்ட வரைவை இங்கே வைக்கிறேன். வேலை தொடங்குவதற்கு முன்பே குறைகள் தெரிந்தாக வேண்டும், அதனால் தயங்காமல் சொல்லுங்கள்.

80 வீடு, சுமார் 400 பேர். ஒரு பள்ளி, தடுப்பூசிக் குளிர்பெட்டி உள்ள சிறிய மருத்துவ மையம் ஒன்று. 90 மீட்டர் ஆழத்தில் ஒரு போர்வெல். இறைக்காதபோது நீர்மட்டம் 22 மீட்டர். மணிக்கு 3,500 லிட்டர் வீதம் விடாமல் இறைத்துப் பார்த்ததில் 30 மீட்டருக்கு இறங்கி அங்கேயே நின்றது. தொட்டி கட்டும் மேடு போரைவிட 8 மீட்டர் உயரம், தொட்டியின் வாய் அதற்கு மேல் 3 மீட்டர். குழாய் தூரம் 200 மீட்டர்.

வரைவு இதுதான்: 10 கிலோவாட் பேனல், 10 கேவிஏ இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி. 2 எச்பி ஏசி பம்ப், வீடுகள், தெருவிளக்கு, குளிர்பெட்டி எல்லாமே அதிலிருந்துதான். ஒரே இடத்தில் இருந்தால் பராமரிப்பு சுலபம் என்கிறார்கள். சரியா?

#2 நீர்மட்டம்

பம்பை அதிலிருந்து பிரித்துவிடுங்கள். இன்வெர்ட்டர் ஒன்று எரிந்தால் விளக்கு போவது சங்கடம். அதோடு தண்ணீரும் போனால் ஊரே குடம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டியில் சேமிக்கலாம், அதற்கு பேட்டரி எதற்கு? பேனல், கன்ட்ரோலர், பம்ப், தொட்டி: இந்த நான்கு மட்டும் ஒரு வரிசையில் இருக்கட்டும்.

கணக்கு இதோ. ஆளுக்கு 50 லிட்டர் என்றால் நாளுக்கு 20,000 லிட்டர், அதாவது 20 கன மீட்டர். ஏற்ற வேண்டிய மொத்த உயரம்: இறைக்கும்போது உள்ள நீர்மட்டம் 30 (22 அல்ல, இங்கேதான் நிறைய பேர் தவறுவார்கள்) + மேடு 8 + தொட்டி வாய் 3 = 41. இதோடு குழாய் உராய்வு. மணிக்கு 3,500 லிட்டர் ஓடினால் 100 மீட்டருக்கு உராய்வு இழப்பு 32 மி.மீ. உள்விட்டத்தில் கிட்டத்தட்ட 5.7 மீட்டர், 40 மி.மீ.யில் 1.9, 50 மி.மீ.யில் 0.65. போருக்குள் இறங்கும் குழாயையும் சேர்த்து 245 மீட்டருக்குப் பார்த்தால் 32 மி.மீ. குழாய் மட்டும் 14 மீட்டரைத் தின்றுவிடும். 50 மி.மீ. போடுங்கள். வளைவு, வால்வு எல்லாம் சேர்த்து 44 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தேவையான ஆற்றல், வாட்-மணியில்: 2.725 × கன மீட்டர் × உயரம். 2.725 × 20 × 44 = 2,398. கம்பியிலிருந்து தண்ணீர் வரை மொத்தத் திறன் 40% என்று அடக்கமாக எடுத்தால் 6 யூனிட் (கிலோவாட்-மணி). வெயில் குறைந்த மாதத்தில் நாளுக்கு 4.5 மணி நேர முழு வெயில், அதில் சூடு, தூசி, கம்பி இழப்புக்கு 25% கழித்தால் 1.8 கிலோவாட் பேனல் வரும். 2.2 கிலோவாட் போடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. அந்த 2 எச்பி பம்ப் உங்கள் போருக்குப் பெரியது. 1.5 கிலோவாட் கிடைக்கும் நண்பகலில் அது மணிக்கு 5,000 லிட்டர் இழுக்கும். நீங்கள் சோதித்தது 3,500 வரைதான். அதற்கு மேல் இழுத்தால் மட்டம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மட்டம் வேகமாக இறங்க இறங்க மணலும் சேர்ந்து வரும், பம்ப் தேயும். உச்ச ஓட்டமே 3,500 லிட்டராக இருக்கும் பம்ப் எடுங்கள், 1.1 கிலோவாட் போதும். பேனல் மட்டும் அதற்கு இரட்டிப்பாக இருக்கட்டும். காலையில் சீக்கிரம் தொடங்கி மாலை வரை நிதானமாக ஓடும், மேகமூட்டத்திலும் தண்ணீர் வரும். இரண்டு மணி நேர வேகத்தைவிட ஆறேழு மணி நேர நிதானம்தான் போருக்கு நல்லது.

#3 இரவுவிளக்கு

நீர்மட்டம் சொல்வதில் பாதியோடு ஒத்துப்போகிறேன். ஆனால் தனித்தனியாகப் போட்டால் தொட்டி நிறைந்த பிறகு 2.2 கிலோவாட் பேனல் சும்மா காயும். நல்ல வெயில் மாதங்களில் மதியம் ஒரு மணிக்கே தொட்டி நிறையும். ஒன்றாக இருந்தால் அந்த மிச்சம் பேட்டரிக்கோ மாவு அரைக்கும் இயந்திரத்துக்கோ போகும். வெயில் இல்லாத இரண்டு நாள் வந்தால் பேட்டரியிலிருந்து ஒரு மணி நேரம் பம்ப் ஓட்டியும் சமாளிக்கலாம். ஏழை ஊருக்கு ஒவ்வொரு பேனலும் காசு. மிச்சத்தை வீணாக்குவது எனக்கு உறுத்துகிறது.

#4 கம்பிவடம்

இரவுவிளக்கு, உங்கள் வாதம் காகிதத்தில் சரி. சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, மோட்டார் கிளம்பும் நேரம். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் ஏசி மோட்டார் ஓடும் கரன்ட்டைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். அதற்காகவே இன்வெர்ட்டரைப் பெரிதாக வாங்க வேண்டும். பெரிய இன்வெர்ட்டர் யாரும் எதுவும் போடாதபோதும் தின்னும். 10 கேவிஏ இயந்திரம் சும்மா நிற்கவே 100 வாட் எடுத்தால் நாளுக்கு 2.4 யூனிட், பன்னிரண்டு வீட்டின் விளக்குச் செலவு அது. பம்பைப் பிரித்தால் 5 கேவிஏ போதும், சும்மா தின்பதும் பாதியாகும்.

இரண்டாவது, மாலையில் எல்லோரும் விளக்கு போட்டு பேட்டரி இறங்கினால் குறைந்த மின்னழுத்தத்தில் இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும். மறுநாள் காலை பேட்டரி தேறும் வரை தண்ணீரும் வராது. ஒருவர் அதிகம் இழுத்ததற்கு ஊரே தாகத்தோடு காத்திருப்பது நியாயமில்லை.

மிச்ச வெயிலுக்கு வழி இருக்கிறது. மாவு இயந்திரம் வேண்டுமானால் அதற்குத் தனி டிரைவ் (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டி) போட்டு, தொட்டி நிறைந்ததும் டிசிக்கென்றே தயாரித்த சேஞ்ச்ஓவர் சுவிட்ச்சால் அதே பேனலை மாற்றிக்கொள்ளலாம். லோடோடு திருப்பக் கூடாது. முதலில் பம்ப் கன்ட்ரோலரை நிறுத்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும்.

வீடுகளுக்கு என்னென்ன தருவதாக இருக்கிறீர்கள்? அது தெரியாமல் பேட்டரி அளவு சொல்ல முடியாது. 7 வாட் விளக்கு மூன்று, 5 மணி நேரம், அதோடு போன் சார்ஜ் எல்லாம் தாராளமாக வைத்தால் 200 வாட்-மணி. 30 வாட் பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக எடுக்கும் வகை) மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் இன்னொரு 240. பழைய 75 வாட் விசிறி வந்தால் அதுவே 600. ஒரு விசிறியால் கணக்கு மொத்தமும் மாறும்.

#5 ஊர்க்கேணி

நன்றி, இரண்டு பேருக்கும். 50 வீடு நெருக்கமாக இருக்கிறது, பள்ளியும் மருத்துவ மையமும் அதற்குள்தான். அதில் கடைசி வீடு 300 மீட்டரில். மீதி 30 வீடு தோட்டங்களுக்குள் சிதறி ஒன்றரை கிலோமீட்டர் வரை போகிறது. விசிறி கட்டாயம் கேட்பார்கள். பம்ப் எந்த வகை எடுப்பது?

#6 கம்பிவடம்

அப்படியானால் அந்த 30 வீட்டுக்குக் கம்பி இழுக்காதீர்கள். வீட்டுக்கு வீடு தனி செட் கொடுங்கள்: 80 வாட் பேனல், 12.8 வோல்ட் 30 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி, சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், டிசி விளக்கு. விசிறி வேண்டுமென்றால் இரண்டையும் இரட்டிப்பாக்குங்கள். பேட்டரிக்கும் விளக்குக்கும் இடையே கம்பி நீளம் கவனம். 12 வோல்ட்டில் 10 ஆம்பியரை 20 மீட்டர் தள்ளி, 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் கொண்டுபோனால் போகவர 40 மீட்டரில் 1.75 வோல்ட் காணாமல் போகும். விளக்கு மங்கும், ஆனால் எல்லோரும் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள்.

50 வீட்டுத் தொகுதிக்கு: விசிறியோடு 22 யூனிட், பள்ளி, மையம் 4, இன்வெர்ட்டர் தின்பது ஒன்றரை. நாளுக்கு 27–28 யூனிட். உங்கள் 10 கிலோவாட் பேனல் வெயில் குறைந்த மாதத்தில் 10 × 4.5 × 0.7 = 31 தரும். பம்பை வெளியே எடுத்ததால்தான் இது தாங்குகிறது. பம்பும் 80 வீடும் இதிலேயே இருந்திருந்தால் 45 யூனிட்டைத் தாண்டியிருக்கும். பேட்டரி 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேக் எட்டு, மொத்தம் 41 யூனிட். அதில் 80% மட்டும் எடுத்தால் 33.

மெயின் லைன் 230 வோல்ட்டில் 25 சதுர மி.மீ. அலுமினியம். 15 ஆம்பியர் லோடு முழுவதும் 300 மீட்டர் கடைசியில் இருந்தால்கூட 10 வோல்ட்தான் விழும். வழியில் பிரிவதால் உண்மையில் இன்னும் குறைவு. வீட்டுக்கு வீடு லோடு லிமிட்டரோடு கூடிய மீட்டர் வையுங்கள்: ஒரே நேரத்தில் 100 வாட், நாளுக்கு 500 வாட்-மணி. இது இல்லாமல் தொடங்கினால் முதல் மாதமே யாராவது இஸ்திரிப் பெட்டி போடுவார்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாதவை சில. பேட்டரி பக்கம் ஃப்யூஸ் முனையத்தை ஒட்டியே இருக்க வேண்டும், ஒரு மீட்டர் தள்ளி அல்ல. லித்தியம் பேக் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். சாதாரண ஃப்யூஸ் அதை வெட்டாது, கிளாஸ்-டி (Class T) போல அதிக வெட்டுத்திறன் உள்ளதுதான் வேண்டும். பேனல் பக்கம் வீட்டு ஏசி எம்சிபி (கரன்ட் மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போடுவது உயிரோடு விளையாடுவது. ஏசியில் நொடிக்கு நூறு தடவை கரன்ட் பூஜ்யத்தைத் தொடும், அதனால் தீப்பொறி அணையும். டிசியில் அந்தத் தருணமே கிடையாது, பெட்டிக்குள் தீ தொடர்ந்து எரியும். டிசி எம்சிபியிலும் கூட்டல்-கழித்தல் குறி போட்ட வகையை மாற்றி இணைத்தால் அதே கதிதான்.

குளிர்பெட்டியை இந்த 50 வீட்டுப் பொது மின்தொகுதியில் (மினி கிரிட்) சேர்க்க வேண்டாம். பேட்டரியே இல்லாமல் பேனலில் நேரடியாக ஓடி, உள்ளே பனிக்கட்டியாகக் குளிரைச் சேமிக்கும் வகை இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் தரப்பட்டியலில் உள்ளவை வெயிலே இல்லாமல் குறைந்தது மூன்று நாள் 2–8 டிகிரியைத் தாங்க வேண்டும். அதன் பேனலிலிருந்து போன் சார்ஜ்கூட எடுக்க விடாதீர்கள்.

#7 நீர்மட்டம்

பம்ப் வகை: 44 மீட்டர், 3,500 லிட்டர் என்பது இரண்டு வகையும் செய்யும் எல்லைக்கோட்டில் இருக்கிறது.

பல அடுக்கு சென்ட்ரிஃபியூகல் பம்பில் (சுழலும் சக்கரங்களால் தண்ணீரை வீசி ஏற்றும் வகை) வேகம் குறைந்தால் ஏற்றும் உயரம் வேகத்தின் வர்க்கத்தில் குறையும். வேகம் 80% ஆனால் உயரம் 64%தான். அதனால் மந்தமான வெயிலில் மோட்டார் சுற்றும், தண்ணீர் மேலே வராது. ரப்பர் உறைக்குள் திருகு போன்ற தண்டு சுழலும் ஹெலிகல் ரோட்டார் பம்ப் மெதுவாகச் சுற்றினாலும் சுற்றின அளவுக்குத் தண்ணீரைத் தள்ளும், காலை வெயிலிலேயே தொடங்கும். ஆனால் அதன் ரப்பர் மணலில் தேயும், வறண்டு ஓடினால் சில நிமிடத்தில் கருகும். மூடிய வால்வுக்கு எதிரே ஓடவே கூடாது. தள்ளுவதை நிறுத்தாது, குழாய் வெடிக்கும். ஆகவே தொட்டியில் மிதவை வால்வு மட்டும் வைத்துவிட்டு இந்த வகைப் பம்பைப் பூட்டாதீர்கள். மிதவை சுவிட்ச் வைத்து கன்ட்ரோலரையே நிறுத்த வேண்டும். 200 மீட்டருக்கு சிக்னல் கம்பியைக் குழாய்க்குழியிலேயே, தனி கான்டுயிட்டில் புதைத்துவிடுங்கள்.

பம்பை 45 மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீர் இறங்கினால் பம்பை நிறுத்தும் வறட்சி சென்சார் பம்புக்கு மேலே ஒரு மீட்டரில்.

இறக்குவதற்கு முன் கேபிள் ஜாயின்ட்டைச் சோதியுங்கள். போர்வெல்லில் மோட்டாரைவிட ஜாயின்ட்தான் அதிகம் சாகும். கேபிளின் ஒவ்வொரு உட்கம்பியையும் வேறு வேறு நீளத்தில் வெட்டி, ஜாயின்ட்கள் பக்கத்துப் பக்கத்தில் வராமல் படிப்படியாக அமைத்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு, இரண்டு முனையிலும் பசை வளையமாக வழிந்து வருவதைப் பார்க்க வேண்டும். அது வழியாத இடத்தில் தண்ணீர் நுழையும். பிறகு ஜாயின்ட்டை வாளித் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) பிடியுங்கள். கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுத்தான் மெகர் வைக்க வேண்டும், இல்லையென்றால் அதன் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். போரில் இறக்கிய பிறகு 2 மெகாஓமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 0.5க்குக் கீழே என்றால் மேலே ஏற்றுங்கள்.

மூன்று ஃபேஸ் மோட்டாரில் தண்ணீர் சன்னமாக வந்தால் சுழற்சி திசை தலைகீழாக இருக்கும். இரண்டு கம்பியை மாற்றிப் போட்டாலே சரியாகும்.

#8 உச்சிவெயில்

பேனல் பக்கம் யாரும் தொடவில்லை. 2.2 கிலோவாட் என்றதும் 550 வாட் பேனல் நான்கைத் தொடராகப் போடுவார்கள். ஒவ்வொன்றின் திறந்த மின்னழுத்தம் (லோடு எதுவும் இணைக்காதபோது உள்ளது) சுமார் 49.8 வோல்ட், நான்குக்கு 199. கன்ட்ரோலரில் "அதிகபட்சம் 200" என்று எழுதியிருந்தால் பொருந்துவது போலத் தெரியும். ஆனால் அது 25 டிகிரிக் கணக்கு. குளிர் கூடக் கூட மின்னழுத்தம் ஏறும். 5 டிகிரி விடியலில் 210 தாண்டும், கன்ட்ரோலர் அன்றே போகும். கொஞ்சம் அதிகத் தாங்குதிறன் உள்ளது வாங்குங்கள்.

வெயில் ஏறினால் நேர்மாறு. செல் சூடு 65 டிகிரி ஆனால் பேனல் திறன் 14% வரை குறையும், வேலை செய்யும் மின்னழுத்தமும் அதே அளவில் இறங்கும். பழைய மூன்று ஃபேஸ் 415 வோல்ட் பம்பை சோலார் டிரைவில் ஓட்ட நினைப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அதற்கு டிசியில் 580 வோல்ட் பக்கம் வேண்டும். 14 பேனல் தொடராகப் போட்டால் பெட்டியில் எழுதியபடி 580 வரும், மதிய வெயிலில் 500 பக்கம் இறங்கி நிற்கும்.

சாய்வு அந்த இடத்தின் அட்சரேகை அளவு, ஆனால் 10 டிகிரிக்குக் குறையவே வேண்டாம். தட்டையாக வைத்தால் கீழ் விளிம்பில் சேறு படிந்து கடைசி வரிசை செல்கள் மறையும். அரைப் பேனலுக்குத் தூண் நிழல் விழுந்தால் போகட்டும் என்று விடாதீர்கள். தொடரில் ஒரு சிறு நிழல் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக நிறுத்திவிடும். கழுவுவது விடியலில் மட்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

பேனல் கம்பிகளை இணைக்கும் எம்சி-4 கனெக்டரில் ஒரே தயாரிப்பின் ஆண், பெண் முனைகளையே சேருங்கள். வேறு வேறு தயாரிப்பு "க்ளிக்" என்று பூட்டினாலும் உள்ளே தொடுபரப்பு சரியாக இருக்காது, சூடேறி உருகும்.

இடி மின்னல் அதிகமென்றால் கன்ட்ரோலரின் பேனல் பக்கத்திலும் சென்சார் கம்பியிலும் சர்ஜ் தடுப்பான் போடுங்கள். பேனல் சட்டம், கன்ட்ரோலர் பெட்டி, போரின் இரும்புக் கேசிங் மூன்றையும் ஒரே எர்த்தில் இணையுங்கள். தனித்தனி எர்த் ராட் அடித்தால் மின்னல் நேரத்தில் அவற்றுக்கு இடையேதான் கரன்ட் பாயும்.

#9 சொட்டுநீர்

தொட்டி 40,000 லிட்டர், இரண்டு நாளைக்கு. ஒரே தொட்டியாக வேண்டாம், 20,000 வீதம் இரண்டு. ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும். தண்ணீர் மட்டுமே தலா 20 டன், மேட்டு மண்ணை உறுதிப்படுத்தாமல் வைக்காதீர்கள்.

குழாயடி எத்தனை? நிவாரண அமைப்புகள் பின்பற்றும், அவசரகாலத்துக்கான ஸ்ஃபியர் அளவுகோல் ஒரு குழாய்க்கு 250 பேர் என்கிறது, ஆனால் அது ஆளுக்கு 15 லிட்டர் கணக்கு. இங்கே 50. நிமிடத்துக்கு 7.5 லிட்டர் தரும் குழாய் எட்டு மணி நேரத்தில் 3,600 லிட்டர் தரும். 20,000க்கு ஆறு குழாய் வேண்டும். அதில் குறைந்தது இரண்டு தோட்டத்து வீடுகள் பக்கம் இருக்கட்டும்.

குளோரின்: 20,000 லிட்டருக்கு லிட்டருக்கு 2 மி.கி. வீதம் 40 கிராம் குளோரின். 65% ஹைப்போகுளோரைட்டில் 62 கிராம், 33% பிளீச்சிங் பவுடரில் 120 கிராம். முதலில் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி கழித்துத் தொட்டியில் 0.5 மி.கி., கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 மி.கி. மீதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவைக் கூட்டுங்கள். திறந்து வைத்த பவுடர் வீரியம் இழக்கும், ஆகையால் கிராம் கணக்கைவிடச் சோதனைக் குப்பி சொல்வதையே நம்புங்கள். கலங்கல் தண்ணீரில் இது வேலை செய்யாது.

#10 பச்சைவயல்

நடுவில் ஒரு கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சோலார் பம்ப் காலையில் நன்றாக ஓடி, மதியம் நிற்கிறது. அரை மணி கழித்துத் தானாக ஓடுகிறது. கன்ட்ரோலரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

#11 நீர்மட்டம்

மாற்றாதீர்கள், முதலில் மூன்று நாள் குறிப்பு எடுங்கள்: நின்ற நேரம், அப்போது பேனல் மின்னழுத்தம், கன்ட்ரோலரில் எரியும் விளக்கு.

வெயில் எப்படி இருந்தாலும் இவ்வளவு லிட்டர் இறைத்ததும் நிற்கிறது என்றால் போர் சுரப்பு போதவில்லை, வறட்சி சென்சார் தன் வேலையைச் செய்கிறது. பம்பின் உச்ச வேகத்தைக் குறைத்துவையுங்கள். மொத்தத் தண்ணீர் குறையாது, சில போரில் கூடவே கிடைக்கும். கடும் வெயிலில் மட்டும் நின்று, பெட்டியைத் தொட முடியாத அளவு சுட்டால் கன்ட்ரோலர் சூடு. நிழலுக்கு மாற்றி, பின்னால் காற்றுக்கு ஒரு சாண் இடம் விடுங்கள். நிற்கும் நொடியில் பேனல் மின்னழுத்தம் சரிந்தால் கனெக்டரோ ஃப்யூஸ் ஹோல்டரோ தளர்ந்திருக்கிறது. சூட்டில் விரிந்து விடுகிறது, ஆறியதும் தொடுகிறது. நிற்பதற்குச் சற்று முன் கையை வைத்துப் பார்த்தாலே சூடான மூட்டு தெரிந்துவிடும், கனெக்டரின் பிளாஸ்டிக் மேல் மட்டும்.

இதில் எதுவுமே இல்லையென்றால்தான் கன்ட்ரோலரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

#12 இரவுவிளக்கு

பம்பைப் பிரிப்பதை ஏற்கிறேன், வறண்ட காலையில் ஊர் காத்திருக்கும் அந்தக் காரணம் போதும். பணம் பற்றி மட்டும் சொல்கிறேன். பேனல் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும், பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்காது. பேட்டரி விலையை 96ஆல் வகுத்து மாதம் அவ்வளவு எடுத்து வையுங்கள். இன்வெர்ட்டர், பம்ப், கன்ட்ரோலர் விலையை 84ஆல். இயக்குபவர் சம்பளமும் அதோடு சேரும். மாதக் கட்டணம் இந்தக் கூட்டலுக்குக் கீழே போனால், எட்டாம் வருஷம் இன்னொரு கொடையாளரைத் தேட வேண்டியிருக்கும். தண்ணீர்க் கணக்கும் மின்சாரக் கணக்கும் தனித்தனிப் புத்தகம். வீட்டு செட் 30க்கும் இதே வசூல் வேண்டும், அவற்றின் பேட்டரிதான் முதலில் தீரும்.

#13 ஊர்க்கேணி

வரைவைத் திருத்தச் சொல்லிவிடுகிறேன்: 2.2 கிலோவாட்டில் தனி பம்ப், 50 வீட்டுக்கு 10 கிலோவாட், 5 கேவிஏ, 30 வீட்டுக்குத் தனி செட், நேரடி சோலார் குளிர்பெட்டி. தெருவிளக்கு? ஊரிலேயே வைத்திருக்க வேண்டிய உதிரிகள் என்னென்ன?

#14 கம்பிவடம்

தெருவிளக்கு கம்பத்திலேயே பேனலும் பேட்டரியும் உள்ள தனி வகை. மினி கிரிட்டில் சேர்த்தால் 20 வாட் விளக்கு 15 இருந்தாலே விடிய விடிய 3 யூனிட்டுக்கு மேல் தின்னும்.

உதிரி: பம்ப் கன்ட்ரோலர் ஒன்று, அதே மாடல், அதே அமைப்பு முன்கூட்டியே பதிந்தது. மிதவை சுவிட்ச் இரண்டு, வறட்சி சென்சார் ஒன்று, ஜாயின்ட் கிட் இரண்டு, சர்ஜ் தடுப்பான் கெட்டிகள், ஒவ்வொரு அளவு ஃப்யூஸிலும் மூன்று, எம்சி-4 பத்து ஜோடியும் அதற்கான கிரிம்பரும் (பிளையரால் நசுக்குவது வேண்டாம்), குழாய் வாஷர் ஒரு பை. டிசி கிளாம்ப் மீட்டரும் மெகரும் இயக்குபவர் கையில் இருக்கட்டும். வயரிங் வரைபடத்தைப் பிளாஸ்டிக் உறையிட்டுப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் கடைசித் தவணையை அதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.